ஏற்காடு ஏறும்போது துடிப்பு திடீரென்று 190-ஐத் தாண்டித் தாறுமாறாக அடித்தது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

செந்தில், சேலம்:

வணக்கம். வயது 46. பத்து வருஷத்துக்கும் மேலாக நெடுந்தூர ஓட்டம், கூடவே சைக்கிள். மாரத்தான், 200, 300 கி.மீ. ப்ரவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) எல்லாம் முடித்திருக்கிறேன். பிபி, சர்க்கரை இல்லை. குடி, சிகரெட் இல்லை. காலையில் எழுந்ததும் நாடி 44, 45 இருக்கும்.

போன ஞாயிறு அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். 20 கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் தாண்டியாகிவிட்டது. துடிப்பு 145 பக்கம் நிலையாக இருந்தது. திடீரென்று கால் இரண்டும் காற்றுப் போனது மாதிரி ஆகிவிட்டது. வாட்ச்சைப் பார்த்தால் 192. அடுத்த நொடி 171, உடனே 188. இறங்கி ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்தேன். நெஞ்சு வலி இல்லை, மயக்கம் இல்லை. ஆனால் தாளமே இல்லாமல் நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் போல இருந்துவிட்டுத் தானாகவே அடங்கியது.

மறுநாள் பக்கத்து கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள். ‘நார்மல், கேஸ் டிரபிளாக இருக்கும்’ என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், சில மாதமாகவே ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதே படபடப்பு கொஞ்ச நேரம் வந்து போகிறது.

அப்பாவுக்கு 62 வயதில் பக்கவாதம் வந்தது. அதனால் வீட்டில் ரொம்பப் பயப்படுகிறார்கள். சைக்கிளை விற்றுவிடச் சொல்லி மனைவி பிடிவாதமாக இருக்கிறார். உடற்பயிற்சி செய்கிறவனுக்கே இதயக் கோளாறு வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கார்த்தி, வேளச்சேரி:

அண்ணா, முதலில் வாட்ச்சைச் சந்தேகப்படுங்கள். மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் அடித்து அளக்கிற சென்சார் வியர்வையில், குலுங்கலில் தப்பாகக் காட்டும். ஓடும்போது சில சமயம் துடிப்பை விட்டுவிட்டுக் கால் வைக்கிற எண்ணிக்கையையே துடிப்பு என்று காட்டும். எனக்கு 180 காட்டிய பல நாட்களில் மார்பில் கட்டுகிற பட்டை 150-தான் சொல்லியது. பட்டை ஒன்று வாங்கிக் கட்டிப் பாருங்கள். சேலம் வெயிலுக்கு உப்பும் தண்ணீரும் குறைந்தாலும் படபடக்கும். பயப்பட வேண்டாம்.


மல்லிகா, மதுரை:

கார்த்தி சொல்கிற பட்டை நல்ல யோசனை, வாங்குங்கள். ஆனால் செந்தில் தம்பிக்கு வாட்ச் மட்டும் சொல்லவில்லை. கால் பலம் போயிருக்கிறது, உட்கார்ந்த பிறகும் முக்கால் மணி நேரம் படபடத்திருக்கிறது, படுக்கையிலும் வருகிறது. இதை சென்சார் கோளாறு என்று தள்ளிவிட முடியாது.

நான் இருபது வருஷத்துக்கும் மேலாக இதயப் பிரிவில் ஈசிஜி டெக்னீஷியன். நானும் ஓடுகிறவள்தான், வைகைக் கரையில் காலையில் என்னைப் பார்க்கலாம். நான் டாக்டர் இல்லை. என் மேஜையில் தினமும் வந்து விழுகிற காகிதங்களை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த ‘நார்மல்’ ஈசிஜி. வழக்கமாக எடுக்கிற 12 லீடு ஈசிஜி உங்கள் இதயத்தின் பத்து நொடியை மட்டும் பதிகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து போனதைத் திங்கட்கிழமையின் பத்து நொடி எப்படிக் காட்டும்? அந்தக் காகிதம் பொய் சொல்லவில்லை. திங்கட்கிழமை உங்கள் தாளம் சரியாக இருந்தது, அவ்வளவுதான். அதை வைத்து ஞாயிறு நடந்ததை கேஸ் என்று முடிவு கட்டியதுதான் எனக்கு வருத்தம். படபடப்பு என்று வருகிறவர்களில், அதிலும் ஒல்லியாக, ஆரோக்கியமாகத் தெரிகிறவர்களில், எத்தனையோ பேர் இதே பதிலோடு வீட்டுக்குப் போய், திரும்பத் திரும்ப வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு வந்தது என்னவாக இருக்கலாம் என்பதற்கு இரண்டு முக்கிய சாத்தியம் தெரிகிறது. ஒன்று, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஎஃப். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. கீழறைக்கு சிக்னல் கண்டபடி வந்து சேர்கிறது. மேலறை சுருங்கித் தள்ளுகிற ரத்தம் இல்லாமல் போவதாலும், கீழறைகள் நிரம்ப நேரம் கிடைக்காததாலும்தான் ஏற்றத்தில் கால் ஓய்ந்துபோகிறது. இன்னொன்று எஸ்விடி, அதாவது மேலறைப் பக்கமிருந்து கிளம்பும் அதிவேகத் துடிப்பு. அதிலும் துடிப்பு சட்டென்று 190-க்குப் போகும், ஆனால் கடிகாரம் போல ஒரே சீராக ஓடும், ஸ்விட்ச் போட்டது போல ஒரே நொடியில் நிற்கும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. நீங்கள் எழுதியதில் ‘தாளமே இல்லாமல்’ என்ற வார்த்தையும், 192, 171, 188 என்று எண் தாவியதும் முதலாவதன் பக்கம் சாய்கின்றன. ஆனாலும் பதிவு இல்லாமல் யாரும் உறுதியாகச் சொல்லக் கூடாது.

காகிதத்தில் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்கிறேன், வீட்டில் உள்ளவர்களுக்கும் புரியும். ஈசிஜி தாளில் பெரிய கூர்முனை ஒவ்வொன்றும் ஒரு துடிப்பு. ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தை அதன் மேல் வைத்து, பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு முனைகளுக்கும் பென்சிலால் கோடு போடுவேன். அப்புறம் அந்தத் தாளை அடுத்த ஜோடிக்கு நகர்த்துவேன். சீரான தாளம் என்றால் கோடுகள் முனைகளின் மேல் பொருந்திக்கொண்டே போகும். ஏஎஃப்-ல் எங்கே நகர்த்தினாலும் பொருந்தாது. ஒவ்வொரு முனைக்கும் முன்னால் இருக்க வேண்டிய சின்ன மேடு, பி அலை, அதுவும் இருக்காது. அதன் இடத்தில் அடிக்கோடு நடுங்கிக்கொண்டிருக்கும். நல்ல உடல்தகுதி உள்ளவர்களுக்கு மூச்சை இழுக்கும்போது துடிப்பு நெருங்கி, விடும்போது விலகும். அங்கேயும் இடைவெளி மாறும், ஆனால் பி அலை ஒவ்வொன்றுக்கும் முன்னால் இருக்கும். அது நோய் இல்லை. அதேபோல 44 துடிப்பு உங்களுக்குப் பயிற்சியால் வந்தது. மெஷின் ‘அப்நார்மல்’ என்று தானாக அச்சடித்தால் கலங்காதீர்கள்.

உடற்பயிற்சி செய்கிறவனுக்கே வருமா என்று கேட்டீர்கள். வரும். இதை மறைத்துப் பேசுவது ஓடுகிறவர்களுக்கு நல்லதில்லை. ஸ்வீடனில் சாலன் என்ற ஊரிலிருந்து மோரா வரை 90 கி.மீ. பனிச்சறுக்குப் பந்தயம் 1922 முதல் நடக்கிறது, வாசாலொப்பெட் என்று பெயர். 1989 முதல் 1998 வரை அதை முடித்த 52,755 பேரை மருத்துவமனைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். ஐந்து முறையோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்கு, ஒரே முறை முடித்தவர்களைவிட ஏஎஃப் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுதல். வேகமாக முடித்தவர்களுக்கும் கூடுதல்.

இதைப் படித்ததும் சைக்கிளை விற்க ஓடாதீர்கள். உங்கள் மனைவிக்கும் இதைக் காட்டுங்கள்: அந்த 52,755 பேரில், பல வருஷக் கண்காணிப்பில், எந்த வகைத் தாளக் கோளாறு வந்தவர்களையும் சேர்த்தால் 900 பேருக்குச் சற்று மேல்தான். உயிருக்கு உடனடி ஆபத்தான கீழறைத் தாளக் கோளாறுகள் அதிகம் பந்தயம் போனவர்களிடம் கூடியதாகத் தெரியவில்லை. அதே நாட்டுப் பனிச்சறுக்கு வீரர்களை வைத்துப் பின்னால் வந்த ஆய்வில், பெண்களுக்கு ஏஎஃப் சாதாரண மக்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஏஎஃப் வந்த வீரர்களுக்கும், ஏஎஃப் வந்த மற்றவர்களைவிடப் பக்கவாதம் குறைவு. நடுத்தர அளவு உடற்பயிற்சி ஏஎஃப்-ஐக் குறைக்கிறது. வருஷக்கணக்கில் மிக அதிகமாகப் பயிற்சி செய்யும் நடுவயது ஆண்களிடம்தான் ஏஎஃப் வாய்ப்பு மறுபடி மேலே ஏறுகிறது.

காரணம் ஒன்றல்ல. மணிக்கணக்கில் அதிக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி மேலறை விரிகிறது. விரிந்த சுவரில் தழும்பு போன்ற நார்த்திசு கொஞ்சம் கொஞ்சமாகச் சேரலாம். கூடவே இதயத் துடிப்பைக் குறைக்கிற வேகஸ் நரம்பின் பிடி. உங்கள் நாடியை 44-க்கு இறக்கி வைத்திருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. ராத்திரி சாப்பிட்டுப் படுத்ததும் அதன் பிடி இன்னும் இறுகும், அந்த நேரத்தில் மேலறைகள் நடுங்க ஆரம்பிப்பது சுலபம். நீங்கள் எழுதிய இடது பக்கப் படுக்கை விஷயத்தை எத்தனையோ ஓட்டக்காரர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரிடம் அதை விடாமல் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: மறுபடி வந்தால் உடனே நிறுத்தி, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து முப்பது நொடி நாடி பாருங்கள். சீரா, தாறுமாறா என்று மட்டும் கவனியுங்கள். ஈசிஜி எடுக்கிற வசதி உங்கள் வாட்ச்சில் இருந்தால், உட்கார்ந்து கையை மேஜை மேல் அசையாமல் வைத்துப் பதிவு செய்து, அந்தப் பதிவை டாக்டருக்கு அனுப்புங்கள். ஆனால் ஓய்வில் 50-க்குக் கீழே இருக்கும்போது பல வாட்ச்சுகள் ஏஎஃப் இருக்கா இல்லையா என்று சொல்லாது, ‘குறைந்த துடிப்பு’ என்று முடித்துக்கொள்ளும். இதய நோய் நிபுணரைப் பார்த்து எக்கோ (இதய ஸ்கேன்), தைராய்டு, ஹோல்டர் (உடம்பில் மாட்டிக்கொண்டே தொடர்ந்து ஈசிஜி பதிகிற கருவி) மூன்றையும் கேளுங்கள். 24 மணி நேர ஹோல்டரில் சிக்காவிட்டால் ஒரு வாரம், இரண்டு வாரம் ஒட்டிக்கொள்கிற பேட்ச் இருக்கிறது.

எக்கோவை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், நம் ஊரில் ஏஎஃப்-க்கு இன்னொரு பெரிய காரணம் சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வு. முப்பது வயதுப் பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வால்வோடு என் அறைக்கு வருகிறார்கள். வெளிநாட்டுக் கட்டுரைகளில் இது பெரிதாக வராது. வால்வு சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பயிற்சியைப் பற்றிப் பேசவே வேண்டும்.

பயிற்சியின் நடுவில் மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ கதை வேறு. அப்போது பேட்ச் போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. மயக்கம், நெஞ்சு வலி என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். குடும்பத்தில் அப்படி இறப்பு இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.


செந்தில், சேலம்:

அக்கா, ரொம்ப நன்றி. வீட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். குடும்பத்தில் இளவயது மரணம் எதுவும் இல்லை. நிபுணரிடம் நேரம் வாங்கிவிட்டேன். அதுவரை நடை மட்டும்.

ஒரு சந்தேகம். சைக்கிள் வீரர் ஒருவர் பந்தயக் கோட்டைத் தாண்டியதும் விழுந்த வீடியோவைத் தம்பி அனுப்பியிருந்தான். எனக்கு வந்ததும் அதுவும் ஒன்றா?


ராஜகோபால், கோவை:

செந்தில், அது இத்தாலியின் சோன்னி கோல்பிரெல்லியாக இருக்க வேண்டும். 2021-ல் பாரிஸ்-ரூபே சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தவர். 2022 மார்ச்சில் கட்டலோனியா பந்தயத்தின் முதல் நாள் இரண்டாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் சரிந்தார். டிஃபிப்ரிலேட்டர் (மின் அதிர்ச்சி கொடுத்து இதயத் தாளத்தைச் சரிசெய்கிற கருவி) வைத்து மீட்டார்கள். அவருக்கு வந்தது கீழறை நடுக்கம். அதில் இதயத்திலிருந்து ரத்தமே வெளியேறாது, நிமிஷங்களில் உயிர் போய்விடும். அவர் உடம்பில் டிஃபிப்ரிலேட்டர் கருவி பொருத்தப்பட்டது, அதே வருஷம் பந்தயத்தை விட்டார். மேலறை நடுக்கத்தோடு இதைச் சேர்த்துப் பார்த்து நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்கு நெருக்கமான உதாரணம் எலியா விவியானி. அவரும் இத்தாலிதான். 2021 ஜனவரியில் தாளக் கோளாறுக்கு அப்லேஷன் (கோளாறைக் கிளப்பும் இடத்தைக் குழாய் வழியாகச் சுட்டோ உறையவைத்தோ அடக்கும் சிகிச்சை) செய்துகொண்டார். அதே வருஷம் ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆம்னியம் என்ற சைக்கிள் போட்டியில் வெண்கலம்.

எனக்கு 59. ஏஎஃப் வந்தது ஐம்பத்து மூன்றில், சிறுவாணிப் பக்கம் குழுவோடு போனபோது. முதலில் துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்தார்கள். ஏற்கெனவே 46-ல் ஓடுகிற இதயத்தை அது இன்னும் பிடித்து இழுத்தது. மேம்பாலம் ஏறக்கூட முடியவில்லை. டாக்டரிடம் சொன்னதும் மாற்றினார். அடுத்தது, வந்தால் மட்டும் போட்டுக்கொள்கிற மாத்திரை. முதல் வேளையை மருத்துவமனையிலேயே வைத்துக் கொடுத்துக் கண்காணித்தார்கள். போட்ட நாளில் பயிற்சி கூடவே கூடாது என்று கண்டிப்பு. இதை யாரும் நண்பரிடம் வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள்.

கடைசியில் அப்லேஷன். 1998-ல் பிரான்சில் போர்டோ நகர டாக்டர்கள் கண்டுபிடித்த விஷயம் அதற்கு அடிப்படை: நடுக்கத்தைத் தூண்டும் தாறுமாறான மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் ரத்தக்குழாய்களின் வாயிலிருந்துதான் கிளம்புகின்றன. இடுப்போரத் தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, மேலறைகளுக்கு நடுச்சுவரைத் துளைத்து இடது பக்கம் போய், அந்த நான்கு வாய்களைச் சுற்றியும் சுட்டோ உறையவைத்தோ வளையம் போடுகிறார்கள். பொறி வளையத்தைத் தாண்டி வர முடியாது. எனக்குச் சூடு வைத்தார்கள். இரவு முழுக்கக் காலை மடக்காமல் மல்லாக்கப் படுத்திருந்ததுதான் பெரிய கஷ்டம்.

அடுத்த மூன்று மாதத்தில் அவ்வப்போது படபடத்தது. ஆறுகிற காலத்தில் அப்படி வருமென்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு வரவில்லை. ஆனால் என்னோடு வண்டி ஓட்டுகிற நண்பருக்கு இரண்டாவது முறை செய்ய வேண்டியிருந்தது. ஒரே தடவையில் முடிந்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இப்போது நான் 600 கி.மீ. ப்ரவேக்குப் போவதில்லை. 200 போதும். 13 மணி 30 நிமிஷ அவகாசத்தை முழுசாக எடுத்துக்கொண்டு, காப்பிக்கு நிறுத்தி ஓட்டுகிறேன்.


செந்தில், சேலம்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். பேட்ச்சில் சிக்கிவிட்டது. ராத்திரி பதினொன்றே காலுக்கு ஆரம்பித்து இருபது நிமிஷம், ஏஎஃப் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். எக்கோவில் வால்வு எல்லாம் சரி. இடது மேலறை கொஞ்சம் பெரிது, பயிற்சியால் இருக்கலாம் என்றார். தைராய்டு சரி. குறட்டை விடுவேன் என்று மனைவி சொன்னதும், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்க ஒரு பரிசோதனை எழுதினார். மூன்று மாதம் பயிற்சியைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்து, வேகப் பயிற்சியை முழுசாக விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பிளட் தின்னர் (ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் மாத்திரை) இப்போது வேண்டாம் என்றார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருந்தும் எனக்கு எப்படி வேண்டாம் என்கிறார்? இதுதான் உறுத்துகிறது.


மல்லிகா, மதுரை:

கையில் பதிவு கிடைத்ததே பெரிய விஷயம் தம்பி. அந்தத் துண்டை பிரிண்ட் எடுத்து, போனிலும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் எந்த டாக்டரைப் பார்த்தாலும் இனி கேஸ் என்று சொல்ல மாட்டார்கள்.

பிளட் தின்னர் விஷயம். நடுங்குகிற மேலறையில், முக்கியமாக இடது பக்கம் காது போல நீட்டிக்கொண்டிருக்கும் பையில், ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போவதுதான் பயம். ஆனால் யாருக்கு வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். வயது 65 தாண்டியதா, பிபி, சர்க்கரை, இதயச் செயலிழப்பு, ரத்தக்குழாய் அடைப்பு, உங்களுக்கே முன்பு பக்கவாதம் வந்ததா என்று பார்ப்பார்கள். அப்பாவுக்கு வந்தது அதில் சேராது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்குப் புள்ளி ஒன்றும் விழவில்லை. அந்த நிலையில் மாத்திரையால் வரும் ரத்தக்கசிவு ஆபத்துதான் பெரிது. ஆனால் இந்தக் கணக்கு வயதோடு மாறும். பிபியை வருஷா வருஷம் பார்த்து, ஏறினால் டாக்டரிடம் இந்தக் கேள்வியையே மறுபடி கேளுங்கள். வால்வு சுருங்கியிருந்தால் இந்தக் கணக்கே பொருந்தாது, அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். உங்கள் எக்கோ சரியாக இருப்பது அதனால்தான் எனக்கு நிம்மதி.

தூக்கப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். ஒல்லியாக இருக்கிறவர்களுக்கும் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் அப்லேஷன் செய்தாலும் ஏஎஃப் திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

மூன்று மாதக் குறைப்பை அரைமனதாகச் செய்யாதீர்கள். சிலருக்கு அதிலேயே படபடப்பு வெகுவாகக் குறைகிறது. மெதுவாகப் பேசிக்கொண்டே ஓட்டுகிற வேகத்தைத் தாண்ட வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு, ஏழரைக்குள் கொஞ்சமாக முடியுங்கள். வந்த நாள், நேரம், அதற்கு முன் என்ன செய்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மூன்று மாதம் கழித்து டாக்டர் அப்லேஷனா, மாத்திரையா, இப்படியே விடலாமா என்று முடிவு செய்வதற்கு அந்த நோட்டு ரொம்ப உதவும்.

ராஜகோபால் சார், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்லேஷனுக்குப் பிறகு பிளட் தின்னர் சாப்பிட்ட மாதங்களில் சைக்கிள் ஓட்டினீர்களா?


ராஜகோபால், கோவை:

வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கிற கருவி) மட்டும் ஓட்டினேன் அம்மா. அந்த மாத்திரை சாப்பிடும்போது கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மாத்திரையின் பெயரையும் ரத்த வகையையும் எழுதி பர்ஸில் வைத்திருந்தேன். நிறுத்திய பிறகுதான் மலைப் பக்கம் போனேன்.